‘ஊரே அப்பாவுக்காக அழுகிறது, எனக்கு மட்டும் அழுகை வரவில்லை’

இந்த முறை பதில் சொல்ல எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வாசகியின் ஆறு பக்கக் கடிதம். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன். பெயரை நிலா என்று வைத்துக்கொள்வோம்.

நிலாவுக்கு 34 வயது. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் அம்மாவுடன் இருக்கிறார். தம்பி மெல்பர்னில். அப்பா பல ஆண்டுகள் வானொலியிலும் மேடையிலும் இருந்தவர். முகத்தைவிடக் குரலால் ஊருக்குத் தெரிந்தவர். நான்கு மாதத்துக்குச் சற்று முன்பு காலமானார். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து 11 வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. “யாருக்கும் சொல்ல வேண்டாம், என்னை இப்படி யாரும் பார்க்க வேண்டாம்” என்று அவரே கேட்டுக்கொண்டதால் நெருங்கிய சொந்தத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

புளோக்குக்குக் கீழே நல்லுடலை வைத்திருந்த அன்று நானூறு, ஐந்நூறு பேர் வந்தார்களாம். நிலா தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார், நாற்காலி போட்டார், மாலைகளை ஒழுங்குபடுத்தினார், மண்டாய் தகனச்சாலைக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நூறு தடவை சொன்னார். தம்பி சாங்கியில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தவுடன் முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை, பூமாலைக்கு நடுவில். யாரோ ஃபேஸ்புக்கில் ஏற்றியிருந்தார், அதை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் விடுப்பு முடிந்து நிலா வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால் யாராவது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். “நீ அவர் மகள்தானே? என் கல்யாணத்துக்கு அவர்தான்மா அறிவிப்பாளர்” என்று தொடங்கி அவர்கள் அழ, நிலா தேற்ற, மீன்காரர் பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க... இப்போது தேக்காப் பக்கமே போவதில்லையாம்.

கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த பகுதி இது: “வீட்டில் அப்பா அதிகம் பேச மாட்டார். தொண்டையைக் காப்பாத்தணும் என்பார். சாப்பாடு வைத்தால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார், அதற்கு ‘வா’ என்று அர்த்தம். மூன்று தட்டினால் ‘ஆறிப்போகுது’. ஊருக்கெல்லாம் அவர் குரல், எங்களுக்கு அந்தத் தட்டல்தான். அவர் குரல் தன் அப்பா குரல் மாதிரி என்று ஒரு அங்கிள் என்னிடம் அழுதபோது எனக்குப் பொறாமையாக இருந்தது மேடம். அப்புறம் அதை நினைத்து வெட்கமாக இருந்தது.”

மற்ற சிக்கல்களைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர், கடைசி நாள்களில் குடும்பம் அவரைப் பூட்டி வைத்துவிட்டது என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறார். ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாக் காலத்தில் நினைவு நிகழ்ச்சி நடத்த ஒரு குழு கேட்கிறது. நிலா பத்து நிமிடம் பேச வேண்டும், செயற்கை நுண்ணறிவில் அப்பாவின் குரலை உருவாக்கி அவரே வரவேற்புரை சொல்வதுபோல் செய்யலாம் என்கிறது. அம்மாவுக்குச் சம்மதம், தம்பிக்குக் கோபம். அம்மா காலையிலிருந்து இரவுவரை அப்பாவின் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் அப்பாவின் படம் இருந்த இடம் திடீரென்று சாம்பல் வட்டமாகிவிட்டது. தம்பிதான் சொல்லாமல் எதையோ ரத்து செய்துவிட்டான் என்று நிலா நினைக்கிறார், இருவருக்கும் பேச்சில்லை. அப்பா அனுப்பிய 214 குரல்பதிவுகள் நிலாவின் கைப்பேசியில் இருக்கின்றன. ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை.

கேள்விகள்: அழாத நான் சாதாரணமானவள்தானா? துக்கத்தின் ஐந்து கட்டங்களில் எதில் நிற்கிறேன்? அப்பாவை அவதூறு செய்தவர்மேல் வழக்குப் போடலாமா? மகள் என்ற முறையில் மேடை ஏறியே ஆக வேண்டுமா?

நிலா, சாம்பல் வட்டத்தில் தொடங்குகிறேன். ஒரு சண்டையையாவது இன்றைக்கே தீர்த்துவிடலாம். வாட்ஸ்அப் கணக்கு ஒன்று பொதுவாக 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் தானாகவே நீக்கப்படும். அப்பாவின் கைப்பேசி அலமாரிக்குள் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். தம்பியைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் உரையாடலும் குரல்பதிவுகளும் அதோடு போகவில்லை, அவை அங்கேயே இருக்கின்றன.

அழுகை வராதது

அப்பா இறந்த நாளிலிருந்து நீங்கள் செய்தவற்றைக் கடிதத்திலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இறப்புச் சான்றிதழ், நகர மன்றத்தில் அனுமதி, தமிழ் முரசில் அறிவிப்பு, சாப்பாடு, பேருந்து, சாம்பல் கரைக்கப் படகு, பதினாறாம் நாள், நன்றிக் கடிதங்கள், அம்மாவின் மாத்திரை, இத்தனைக்கும் நடுவே முன்பின் தெரியாதவர்களுக்கு ஆறுதல். நான்கு மாதமாக நீங்கள் பணியில் இருக்கிறீர்கள். பணியில் இருப்பவருக்கு அழ நேரமில்லை. இதில் அன்பு குறைந்ததற்கான தடயம் எதையும் நான் பார்க்கவில்லை.

நம் பாட்டிகள் காலத்து ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். அங்கே துக்கக்காரி உட்கார்ந்திருப்பாள், மற்றவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு பாடி அவளை அழ வைப்பார்கள். மகள் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க மாட்டாள். உங்கள் புளோக்கில் அது தலைகீழாகிவிட்டது. போதாததற்கு “நீதான் தைரியமா இருக்கணும்” என்று மாமா, சித்தி எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டீர்கள்.

ஐந்து கட்டங்களைப் பற்றி: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற வரிசையை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் முன்வைத்தார். அவர் பேட்டி கண்டது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை. பின்னால் இருப்பவர்களின் துக்கத்துக்கு அதை ஒட்டவைத்தது அப்புறம் நடந்தது. அதைப் பேருந்து நிறுத்தங்கள் மாதிரி நினைத்துக்கொண்டு ‘நான் எங்கே இறங்க வேண்டும்’ என்று தேடாதீர்கள்.

நான் அதிகம் நம்புவது உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்கூட்டும் 1999இல் சொன்னதை. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறார்: ஒரு பக்கம் இழப்பு, இன்னொரு பக்கம் அன்றாட வேலை. காலையில் கணக்குத் தாள் சரிபார்ப்பார், மதியம் சாப்பாட்டுக் கடையில் யாரோ மேசையைத் தட்டினால் உடைந்துபோவார், மாலையில் சிரிப்பார். இந்த ஊசலாட்டம்தான் ஆரோக்கியம். உங்கள் ஊசல் வேலைப் பக்கமே நின்றுவிட்டது. அதை இழுத்துத் தள்ள வேண்டாம், தடையை எடுத்தால் போதும். வாரத்தில் ஒரு மணி நேரம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தனியாக இருங்கள். அழுகை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

விடுப்பைப் பற்றி ஒரு வரி. சிங்கப்பூரில் இரங்கல் விடுப்பு சட்டப்படி கட்டாயம் இல்லை, வேலை ஒப்பந்தத்தில் இருப்பதுதான். அதனால் ‘மூன்று நாளோடு முடிந்தது’ என்பது உங்கள் நிறுவனத்தின் கணக்கு மட்டுமே. ஆண்டு விடுப்போ சம்பளமில்லா விடுப்போ இப்போது கேட்டாலும் தாமதமில்லை. எனக்குத் தெரிந்தவரை பலரும் நான்காம், ஐந்தாம் மாதத்தில்தான் தளர்கிறார்கள், ஊர் மறந்துபோய், விடுப்பும் தீர்ந்துபோன பிறகு.

தேக்காவில் கையைப் பிடிப்பவர்கள்

இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். உங்களை அதிகம் சோர்வாக்குவது இதுதான் என்று தோன்றுகிறது.

‘அவர்களுக்கு அப்பாவைத் தெரியவே தெரியாது, எதற்கு இந்த நடிப்பு’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அதை அடித்திருக்கிறீர்கள். அடித்தது சரி. அது நடிப்பு இல்லை. வானொலி, தொலைக்காட்சிக் குரல்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருவழி நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956லேயே எழுதியிருக்கிறார்கள். அடுப்படியில் தோசை சுடும்போது, டாக்சி ஓட்டும்போது, ராத்திரிப் பணியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பல ஆண்டுகள் ஒரு குரல் கூடவே இருந்தால், அது அந்த வாழ்க்கையின் சாமான்களில் ஒன்றாகிவிடும். 2015 மார்ச்சில் திரு லீ குவான் இயூவுக்கு அஞ்சலி செலுத்த நாடாளுமன்றத்துக்கு 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அதில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் மணிக்கணக்கில் நின்றார்கள், அழுதார்கள். அந்த மார்ச் 23ஆம் தேதிக் காலையில் ஒரு மகன் தன் அப்பா இறந்ததைப் பிரதமர் என்ற முறையில் நாட்டுக்குத் தொலைக்காட்சியில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவர் கண் கலங்கியதை நாமெல்லாம் பார்த்தோம். நீங்கள் இருப்பது அதன் சின்ன வடிவத்தில். அவருக்காவது உதவியாளர்கள் இருந்தார்கள், நீங்கள் மீன் பையோடு தனியாக நிற்கிறீர்கள்.

ஆக, அவர்களுடைய துக்கம் உண்மையானது. அதற்காக அதை வாங்கி வைக்கும் கவுண்டரில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தால் உங்கள் பாரத்தில் பாதி இறங்கும்.

நம் வழக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. துக்கம் விசாரிக்க நாள் கணக்கு இருக்கிறது. பதினாறாம் நாள் முடிந்தால் வீட்டைக் கழுவிவிட்டு, வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்ல மாட்டோம், இப்படி இன்னொரு முறை வர வேண்டாம் என்பதற்காக. பிரபலமானவரின் குடும்பத்துக்கு மட்டும் அந்தப் பதினாறாம் நாள் வருவதே இல்லை. நான்காம் மாதத்திலும் தேக்காவில் ஒருவர் முதல் நாள் துக்கத்தோடு உங்கள்முன் நிற்கிறார். அவருக்கு அது முதல் நாள்தான், பாவம். உங்களுக்கு நூற்று இருபத்தைந்தாவது நாள். கதவை நீங்களேதான் சாத்த வேண்டும், மரியாதையாக.

எப்படி என்றால், ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். “ரொம்ப நன்றி அங்கிள், அப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. நான் கொஞ்சம் அவசரமா போகணும்.” இவ்வளவுதான். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். விடாமல் பேசுகிறவரிடம் “எழுதிக் கொடுங்க அங்கிள், அம்மாகிட்ட கொடுக்கிறேன்” என்று சொல்லலாம். இது தட்டிக்கழிப்பதற்குச் சொன்ன யோசனை இல்லை. எழுதித் தருபவர்கள் நிஜமாகவே தருவார்கள். ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அப்பாவின் வேறொரு பக்கம் அதில் சேரும், நீங்கள் விரும்பும்போது படிக்கலாம், பத்து வருடம் கழித்துப் படித்தாலும் கெட்டுப்போகாது. தொலைபேசி அழைப்புகளுக்குச் சித்தப்பாவையோ வேறு யாரையோ பொறுப்பாக வையுங்கள். அப்புறம், தேக்காவை விட்டுக் கொடுக்காதீர்கள். தோழி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வார நாள் காலையில், கூட்டம் இல்லாதபோது போய்ப் பாருங்கள்.

பொறாமைக்கு வருகிறேன். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த குரல் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் அப்பா இருக்கும்போதே இருந்திருக்கும், இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். பாசமான அப்பாவிடமும் ஒரு குறை இருக்கலாம். அதைச் சொன்னால் அவர் சிறுத்துப்போவார் என்று நினைக்காதீர்கள். ஊரார் முன்னால் அவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்லிச் சொல்லி உங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் சிடுசிடுத்த நாளையும் பேசக்கூடிய ஓர் ஆள் உங்களுக்கு வேண்டும். அந்த ஆள் தம்பியாகத்தான் இருக்க முடியும். இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம், மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவரோடு பேசாமல் இருப்பது உங்களுக்குக் கட்டுபடியாகாது.

படமும் பழிச்சொல்லும்

நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. இந்தப் பகுதியை வழக்கறிஞரான தோழி ஒருவரிடம் காட்டிவிட்டே எழுதுகிறேன்.

இறந்தவரை அவதூறு செய்ததாகக் குடும்பத்தினர் உரிமையியல் வழக்குப் போட முடியாது. மானநட்ட உரிமை ஆளோடு போய்விடுகிறது. குற்றவியல் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது: குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர்மேல் பழி சுமத்தினால் அதுவும் அவதூறு ஆகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அந்தப் பதிவு அப்பாவைப் பழிக்கவில்லை, உயிரோடு இருக்கும் உங்கள் மூவரைத்தான் பழிக்கிறது. அதற்கு வழி இருக்கிறது. தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. இந்த வகை வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் 2021 ஜூன் மாதத்திலிருந்து செயல்படுகிறது. உங்களைப் பற்றிப் பொய்யான தகவல் பரப்பப்பட்டால், அதை நிறுத்தவோ திருத்தம் போடவோ உத்தரவு கேட்கலாம். பதிவைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போய் உங்கள் நிலைமைக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள்.

போகலாமா என்று என்னைக் கேட்டால், இப்போது வேண்டாம் என்பேன். வழக்கு என்றால் அந்த 11 வாரத்தையும் ஆவணமாக்கி அந்நியர் முன் வைக்க வேண்டியிருக்கும். அப்பா எதை மறைத்து வைக்கச் சொன்னாரோ அதுவே வெளியே வரும். அந்த மனிதர் எழுதியதன் அடியில் ‘என்னிடம் சொல்லாமல் போய்விட்டாரே’ என்ற வருத்தம்தான் எனக்குத் தெரிகிறது. கெட்ட விதத்தில் வெளிப்பட்ட வருத்தம். தம்பியோ சித்தப்பாவோ அவருக்குத் தனியாக இரண்டு வரி அனுப்பட்டும்: “நோயைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது அப்பாவின் சொந்த முடிவு. பதிவை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.” பொது இடத்தில் பதில் எழுதாதீர்கள், சண்டை பார்க்க ஆள் கூடிவிடும். தெளிந்த மனத்தோடு இருந்த ஒரு நோயாளி தன் நோயை யாரிடம் சொல்வது என்று தானே முடிவெடுத்தார், நீங்கள் அந்த வாக்கைக் காப்பாற்றினீர்கள். இதில் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை.

ஃபேஸ்புக்கில் ஏற்றிய நல்லுடல் படத்தைப் பொறுத்தவரை, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது, சொந்த முறையில் படம் போடும் தனி மனிதரை அல்ல. போட்டவரிடம் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் பதறிப்போய் எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் ஃபேஸ்புக்கிலேயே குடும்பத்தினர் என்ற முறையில் புகார் செய்யலாம். அப்பாவின் சொந்தக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றவும் அங்கே வழி உண்டு.

ஏப்ரல் மேடை

மகள் பேசியே ஆக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. குழுவினர் நல்ல மனிதர்கள்தான், ஆனால் நிகழ்ச்சி நிரலில் ‘மகள் உரை: 10 நிமிடம்’ என்று போட்டால் கூட்டம் உருகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் உருகி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பது அவர்கள் நிரலில் இருக்காது.

முழுவதுமாக மறுத்தால், பின்னாளில் ‘போயிருக்கலாமோ’ என்று ஒரு உறுத்தல் இருக்கலாம். ஒப்புக்கொண்டால், அன்றைக்குப் பேச முடியாமல் போகலாம். நடுவில் நிறைய இடம் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். மூன்று நிமிடம் மட்டும் பேசலாம். எழுதிக் கொடுத்து வேறொருவரை வாசிக்கச் சொல்லலாம். ‘ஆறு வாரத்தில் முடிவு சொல்கிறேன்’ என்று மட்டும் இப்போது பதில் எழுதுங்கள். ஒப்புக்கொள்வதானால் இரண்டு நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்: நோயில் எடுத்த படமோ இறுதிச் சடங்குப் படமோ திரையில் வரக் கூடாது, உங்களால் முடியாவிட்டால் உங்கள் உரையை வாசிக்க ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும்.

எதைச் சொல்வது, எதை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்பதும் உங்கள் கையில்தான். 2016இல் முன்னாள் அதிபர் திரு எஸ் ஆர் நாதனின் அரசாங்க இறுதிச் சடங்கில் அவருக்குப் பிடித்த ஒரு தமிழ்ப் பாட்டு ஒலித்தது. அத்தனை பெரிய அரசாங்கச் சடங்குக்குள் ஒரு மனிதரின் சொந்த விருப்பம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். மேசைத் தட்டலைச் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. சொன்னால் அடுத்த வாரம் தேக்காவில் நாலு பேர் உங்களைப் பார்த்து மேசையைத் தட்டுவார்கள்.

செயற்கைக் குரலில் நான் தம்பி பக்கம். தன் வாயால் சொல்லாத ஒரு வரவேற்புரையை அவர் குரலில் ஒலிக்கவிட அவரிடம் இனிச் சம்மதம் கேட்க முடியாது. தவிர, அந்தக் குரலைக் கேட்டால் முதல் வரிசையில் இருக்கும் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று அந்தக் குழு யோசித்ததா? அப்பா நிஜமாகப் பேசிய பதிவுகள் இவ்வளவு இருக்கும்போது போலிக்கு அவசியமே இல்லை, அதில் ஒரு நிமிடத்தை ஒலிக்கவிடலாம். ஒலிபரப்புப் பதிவுகளின் உரிமை பொதுவாக நிலையத்திடம் இருக்கும், அனுமதி கேட்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதியதும் பொதுவாக முதலாளிக்குச் சேரும். அவர் தனக்காக எழுதிய மேடை நாடகங்கள் அப்படியல்ல, அவர் மறைந்து 70 ஆண்டுவரை அந்தப் பதிப்புரிமை வாரிசுகளுக்கு. வீட்டில் இருக்கும் ஒலிநாடா, கையெழுத்துப் பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ காட்டிப் பாருங்கள். அதற்கும் அவசரமில்லை.

அம்மா

நாள் முழுவதும் பதிவுகளைக் கேட்பது நோயல்ல. இறந்தவரை ‘விட்டுவிட’ வேண்டும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையே சொல்லிக்கொண்டிருந்தது. 1990களிலிருந்து அந்தப் பார்வை மாறிவிட்டது, உறவு வேறு வடிவில் தொடரலாம் என்கிறோம். அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகிறாரா என்று பாருங்கள். போகிறார் என்றால் அந்தக் குரல் அவருக்குத் துணை. உங்களுக்கு அது தாங்கவில்லை என்பதும் நியாயமே. “அம்மா, நான் வீட்டில இருக்கிற நேரம் காதுக் கருவி போட்டுக் கேளுங்க” என்று கேட்பதில் தவறில்லை. காரணத்தையும் சொல்லுங்கள், உங்களுக்கு வலியே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

எப்போது உதவி தேட வேண்டும்

நீடித்த துக்கக் கோளாறு என்று இப்போது ஒரு மருத்துவப் பெயர் இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் கழிந்த பிறகுதான் அதைப் பற்றியே பேச வேண்டும். நான்கு மாதத்தில் உங்களுக்கு அந்தப் பெயர் வேண்டாம். ஆனால் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எடை குறைந்துகொண்டே போனால், வேலை செய்ய முடியாமல் போனால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவை நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள். ‘அப்பா போன இடத்துக்கே நானும்’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 1767, 1771 இரண்டும் 24 மணி நேரமும் எடுக்கப்படும் மனநல உதவி எண்கள்.

கடைசியாக அந்த 214 பதிவுகள். அவற்றைத் திறக்க முடியாதது ஏன் என்று எனக்குப் புரிகிறது. வானொலிக் குரல் எல்லாருடையது. இவற்றில் இருப்பது “வந்துட்டியா”, “குடை எடுத்துக்கோ” மாதிரியான நாலு விநாடிப் பேச்சு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொண்டையைக் காப்பாற்றிய மனிதர் உங்களுக்காக 214 தடவை வாயைத் திறந்திருக்கிறார்.

இப்போது கேட்க வேண்டாம். தம்பியோடு பேசும்போது, அந்த உரையாடலைக் குரல்பதிவுகளோடு சேர்த்து ஏற்றுமதி செய்வது எப்படி என்று கேட்டு, உங்கள் கணினியில் ஒன்றும் அவரிடம் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் போயிற்று. இந்த வாரமே செய்துவிடுங்கள். கேட்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.